ஆண்டு எழுதாத ஜனவரி

லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தோடுதான் வருகிறார்கள். "நான் ஒன்னும் பண்ணலீங்க, அதுவா இப்பிடி ஆயிப்போச்சு." கோபிசெட்டிபாளையத்தில் வாழை போட்டிருக்கும் ஒருவர், தோட்டத்துக் கேமராவை வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்திருந்தார். முகம் தெரியாத எவனோ ஒருவன் கேமராவை அங்கும் இங்கும் திருப்புகிறான் என்று எங்களிடம் வந்தபோது அவரும் இதையேதான் சொன்னார். பாஸ்வேர்டு என்னவென்று கேட்டேன். ஊர்ப் பெயரும் ஒன்று, இரண்டு, மூன்றும்.

"வாரவங்களுக்குச் சிரமமா இருக்கக்கூடாதுன்னு அப்பிடி வெச்சனுங்க" என்றார்.

வந்தவரை வாசலில் நிறுத்தி வைப்பது மரியாதையில்லை என்று நினைக்கும் ஊர்களில் வலைப் பாதுகாப்பைச் சொல்லிக்கொடுப்பது லேசான வேலை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, கோட்டைமேட்டுச் சந்து ஒன்றில், புத்தகம் பைண்டிங் செய்யும் பாய் ஒருவரின் பட்டறைக்கு மேல்மாடியில் கூடுகிறோம். அறை அவருடையது, மின்சாரம் அவருடையது, கிண்டலும் பெரும்பாலும் அவருடையதே. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட பழைய மடிக்கணினியை யார் கொண்டுவந்தாலும் பார்ப்போம். எல்லோருடைய கோப்புகளையும் ஒரே இடத்தில் வைக்கச் சர்வர் என்று சொல்லி மூலையில் ஒரு கணினியை ஓடவிட்டிருக்கும் சிறு பட்டறைக்காரர்களும் வருவார்கள். வந்தவர் என்ன சொன்னார், திரை என்ன சொன்னது, எந்தக் கிழமை, மணி என்ன என்று நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். அந்த நோட்டுகளைத் தைத்து அட்டை போட்டுத் தருவது பாய்தான்.

"இதெல்லாம் எந்தக் காலத்துல யாரு படிக்கப் போறாங்கன்னு எழுதறீங்க அக்கா" என்பார். "எழுதுங்க, எழுதுங்க. என்ர அட்டை அழியாது. உள்ள இருக்கறதுக்கு நான் பொறுப்பில்லீங்க."

எழுதும் பழக்கம் வேலையிலிருந்து வந்தது. நான் ஒரு நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். நூலின் முறுக்கு, அறுபடும் இழுவிசை என்று எதை அளந்தாலும் தேதி, நேரம், அறையின் ஈரப்பதம் மூன்றையும் எழுதாமல் அளவை மட்டும் எழுதினால் அந்தத் தாளைக் கிழித்துவிட வேண்டியதுதான். வீட்டில் கல்வெட்டுத் தொகுதிகள் படிப்பேன். கொங்குப் பக்கத்துக் கோயில்கள் பலவற்றின் கல்லில் அரசன் பெயர் இருக்கும், கொடுத்த நிலத்தின் நான்கு எல்லைகளும் இருக்கும், எந்த ஆண்டு என்று சொல்லும் யாண்டு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கல் பொரிந்து உதிர்ந்திருக்கும். அந்த ஒரு சொல் போய்விட்டால் மீதி அத்தனையும் அந்தரத்தில் தொங்கும். பக்கத்துக் கல்லில் என்ன இருக்கிறது, எழுத்து எந்த வடிவம், எதற்குக் கீழே எது வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்துத்தான் காலத்தைப் பிடிக்க முடியும். இது எனக்குச் சர்வர் விஷயத்தில் பயன்படும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

எங்கள் ஊரில் கணினிக்கு எந்த நோய் வந்தாலும் மருந்து ஒன்றே. "ஃபார்மேட் பண்ணிருங்க." வட்டை முழுதாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது. என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. இந்த வாக்கியத்தோடு எனக்குப் பல வருடத்துப் பகை. ஒருவர் செய்த தப்பை அவருக்கே தெரியாமல் துடைத்துப்போடுவது உதவி இல்லை. தப்பே செய்யாதவர் மேல் பழி விழுந்திருக்கும் நேரத்தில் துடைப்பதற்கு வேறு பெயர் இருக்கிறது.

அந்த நேரம் ஒரு புரட்டாசியில் வந்தது.

மதுக்கரை போகும் சாலையில் பம்பு உறைகள் வார்க்கும் ஒரு தொழிற்சாலை. அங்கே வரைபடங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருவர் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வந்துகொண்டிருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், பதினோரு வருடமாக அதே நாற்காலி. காகிதத்தில் கையால் வரைந்த காலத்திலிருந்து வந்ததால் கோடு ஒரு மயிரிழை பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும். தொழிற்சாலையின் வரைபடங்கள் எல்லாம் ஒரு பழைய கணினியில் கிடந்தன. அது அடிக்கடி படுத்துக்கொண்டதால், முந்தைய கார்த்திகையில் எங்கள் உதவியோடு அதில் இலகுவான ஒரு லினக்ஸைப் போட்டுச் சர்வர் ஆக்கினார். முதல் ஒரு மாதம் தினமும் போன் வரும். "அக்கா, கறுப்புத் திரையில என்னமோ ஓடுதுங்க." "ஓடட்டும். நின்னா கூப்புடு கண்ணு." பிறகு போன் குறைந்தது. மாசியில் அவரே புதிதாக வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

விஜயதசமி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது மணி பத்து ஐந்து. வழக்கமாகக் கையில் பலகாரப் பொட்டலம் இருக்கும். அன்று ஒரு நோட்டு மட்டும். உட்காரவில்லை.

"அக்கா, என்னையத் திருடின்னு சொல்லிப்போட்டாங்க."

பாய் கீழே இறங்கிப் போய்த் தேநீர் சொல்லிவிட்டு வந்தார். அதற்குள் அந்தப் பெண் சொன்னதை, சொன்ன வரிசையில் தருகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை, பூஜை விடுமுறை முடிந்து தொழிற்சாலை திறந்தது. ஒரு பம்பு உறையின் விளிம்பில் போல்ட் துளைகளின் இடத்தை மாற்ற வேண்டியிருந்தது. அவர் மாற்றி, நான்காம் திருத்தம் என்று பெயரிட்டுச் சர்வரில் சேமித்தார். வார்ப்புக்கு அச்சு செய்யும் பிரிவில் இருப்பவர்கள் அந்தக் கோப்புறையைத் திறந்து, புதிய தேதி மேலே வரும்படி வைத்து, மேலே இருக்கும் வரைபடத்தை எடுப்பார்கள். வெள்ளியும் சனியும் மேலே நின்றது மூன்றாம் திருத்தம். இரண்டு நாள் வார்ப்பும் பழைய துளைகளோடு வந்தது. நான்காம் திருத்தம் எங்கே என்று தேடினால், பட்டியலின் அடியில், பல வருடத்துக்கு முந்தைய ஒரு தேதியோடு கிடந்தது.

முதலாளி தனக்குத் தெரிந்த ஒரு பாதுகாப்பு நிபுணரைச் சனிக்கிழமை மதியம் வரவழைத்தார். அவர் அரை மணி நேரம் பார்த்தார். இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, யாரோ உள்ளே புகுந்து தேதியை மாற்றி வரைபடத்தை ஒளித்திருக்கிறார்கள். இரண்டு, இந்தப் பெண்ணின் பெயரில் ஜனவரி ஒன்றாம் தேதி நள்ளிரவு பன்னிரண்டு ஆறுக்கும், மறுநாள் நள்ளிரவு பன்னிரண்டு நாலுக்கும் சர்வருக்குள் நுழைந்த பதிவு இருக்கிறது. வருடப் பிறப்பு ராத்திரியில் வரைபட அறையில் இவருக்கு என்ன வேலை?

முதலாளிக்கு ஏற்கெனவே ஒரு மனக்குறை. தன் உறையைப் போலவே ஒன்றை வேறொருவர் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். வரைபட அறையில், அச்சுப் பிரிவு ஆட்கள் ஆறேழு பேர் நிற்கும்போது கேட்டார்.

"எப்பிடிக் கேட்டாரு?" என்றேன்.

"நெம்ப மரியாதையாத்தானுங்க. 'ஏனுங்க அம்மணி, நடுச்சாமத்துல எவனுக்குப் படம் அனுப்பிச்சுட்டு இருந்தீங்க'ன்னாரு." நோட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "எவனுக்குன்னு கேட்டாருங்க அக்கா. எதுக்குன்னு கேட்டிருந்தாக்கூடப் பரவால்ல."

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நிபுணர் வந்து சர்வரை ஃபார்மேட் செய்து தன் நிறுவனத்தின் ஏற்பாட்டைப் போடப்போகிறார். இவர் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். போலீசுக்குப் போக மாட்டோம், பெண்பிள்ளை விஷயம், சத்தமில்லாமல் முடித்துக்கொள்ளலாம் என்றாராம் முதலாளி. அந்தக் கருணைதான் இவரை எரித்தது. சர்வரைத் துடைத்துவிட்டால், இவர் திருடவில்லை என்று காட்ட உலகத்தில் ஒன்றும் மிஞ்சாது.

"லாக்கைக் காப்பி எடுத்தியா?" என்றேன்.

"பென்டிரைவத் தொடக்கூடாதுன்னுட்டாங்க. தொட்டிருந்தா அதையுந் திருட்டும்பாங்க. அந்த நிபுணரு திரையில காட்டிட்டு இருந்தப்ப நோட்டுல எழுதிட்டேன்."

நோட்டை நீட்டினார். லாக் என்பது சர்வர் தனக்கு நடந்ததையெல்லாம் தானே வரிசையாக எழுதிக்கொண்டே போகும் நாட்குறிப்பு. அதிலிருந்து பதினேழு வரிகளை, வரைபடக்காரரின் அச்சுப் போன்ற எழுத்தில், இடைவெளி முதற்கொண்டு பிசகாமல் எடுத்திருந்தார். இடது ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் அது லாக்கில் எத்தனையாவது வரி என்ற எண். யாரும் கேட்காமல் எழுதியது அது. வரைபடத்தில் எதுவும் எண் இல்லாமல் நிற்கக்கூடாது என்பதால் வந்த பழக்கம்.

படித்தேன். நிபுணர் சொன்ன ஜனவரி ஒன்று அங்கே இருந்தது. பன்னிரண்டு ஆறும் இருந்தது. ஆண்டு இல்லை. அந்த வகை லாக்கில் மாதமும் தேதியும் மணியும் மட்டும்தான் இருக்கும், ஆண்டை எழுதாது. இத்தனை வருடமாக அதைப் படித்திருக்கிறேன், ஒருநாளும் எனக்கு உறுத்தியதில்லை. அன்று உறுத்தியது. ஆண்டு போய்விட்ட கல்லைப் படிப்பது போலவே படிக்க ஆரம்பித்தேன். எதற்குக் கீழே எது?

ஜனவரி ஒன்றாம் தேதி வரிக்கு நேர் மேலே இருந்த வரி அக்டோபர். வரி எண்கள் அடுத்தடுத்து ஓடின. அக்டோபர் வரி ஆயுத பூஜையன்று மாலை எழுதப்பட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சர்வர் முறையாக அணைக்கப்படும்போது எழுதும் விடைபெறும் வரிகூட இல்லை, பாதியில் வாயைப் பொத்தியது போல நின்றிருந்தது. அடுத்த வரி ஜனவரி ஒன்று, நள்ளிரவு பன்னிரண்டு மணி, சர்வர் விழித்தெழுகிறது. ஆறு நிமிடம் கழித்து இவர் நுழைகிறார்.

"வெள்ளிக்கெழம சர்வர் எத்தன மணிக்கு ஆன் பண்ணுனாங்க?"

"நல்ல நேரம் பாத்து மொதலாளிதான் போடுவாருங்க. ஒம்பது இருவது இருக்கும்."

"நீ எப்ப உள்ள போன?"

அவர் யோசிக்கவில்லை. "ஒம்பது இருவத்தாறு. சனிக்கெழம ஒம்பது இருவத்திநாலு. போனதும் நோட்டுல போட்டிருக்கறேன்." பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். எங்கள் பழக்கம் அவருக்கும் தொற்றியிருந்தது.

பாய் நோட்டை எட்டிப் பார்த்தார். "அப்ப இந்தப் பொட்டிக்குப் பொழுது தெரியாமப் போயிருச்சா? நம்ம டீக்கடைச் சமையக்காரனாட்டம். மத்தியானம் மூணு மணிக்கு எந்திரிச்சு, விடிஞ்சிருச்சாங்கறான்."

அதேதான். கணினியின் உள்ளே நாணயம் போன்ற ஒரு சிறு பேட்டரி இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அது. இந்தக் கணினி கார்த்திகையிலிருந்து யுபிஎஸ் தயவில் ஒரு நிமிடமும் அணையாமல் ஓடியது. பேட்டரி எப்போது செத்தது என்று யாருக்கும் தெரிய வழியில்லை. ஆயுத பூஜையன்று இயந்திரங்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, மெயினை அணைத்து ஓய்வு கொடுப்பார்கள். கடைசல் இயந்திரத்துக்கும் உலைக்கும் கொடுக்கும் அதே மரியாதையை அன்று சர்வருக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு அது முதல் ஆயுத பூஜை. யுபிஎஸ்ஸும் தீர்ந்து, இரண்டு இரவு மின்சாரம் இல்லாமல் கிடந்து எழுந்தபோது, தான் தயாரிக்கப்பட்ட காலத்து ஜனவரிக்குப் போய்விட்டது. அன்று சேமித்த திருத்தமும் அந்தப் பழைய தேதியோடு பட்டியலின் அடிக்கு இறங்கிவிட்டது.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. கடிகாரம் தவறியிருந்தால், சர்வர் வலை வழியாக வெளியே நேரம் கேட்டுத் தானே திருத்திக்கொள்ளும். இது ஏன் கேட்கவில்லை? சர்வருக்குள் எது வரலாம், வெளியே எது போகலாம் என்று காவல் காக்கும் ஃபயர்வாலில் என்னென்ன திறந்திருக்கிறது என்று அவரிடம் கேட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் முதல் நாள் தாள் ஒன்று உண்டு. அதைப் பைக்குள்ளிருந்து எடுத்தார். மடிப்பில் கிழிந்து, பாய் கொடுத்த துணிப் பட்டையால் ஒட்டப்பட்டிருந்தது. "உள்ளே வருவது, வெளியே போவது எல்லாவற்றையும் மூடு. பிறகு தேவையானதை மட்டும் திற." அடியில் தேவையானவற்றின் பட்டியல். நேரம் கேட்கும் வழி அதில் இல்லை. அந்தத் தாளை எழுதியவள் நான்.

அவர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு நானும் வாரேன்" என்றேன்.

"நீங்க வந்தா இதையுஞ் சொல்லோணுமேங்க அக்கா. அவங்க உங்களைய உட மாட்டாங்க."

"சொல்லத்தான் வாரேன்."

திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு. தொழிற்சாலை வாசலில் இறங்கியபோது பத்து இருபது. சிமெண்ட் லாரிகள் போய் வந்து அந்தச் சாலையின் வேலிச்செடிகள் எல்லாம் ஒரே நிறமாகியிருந்தன. முதலாளி எழுந்து நின்று வரவேற்றார். அறுபதை ஒட்டிய வயது, வெள்ளைச் சட்டை.

"வாங்க, வாங்க. உக்காருங்க. காபி சாப்புடுங்க. உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சிரமம். நாங்களே பேசி முடிச்சுக்கறோம்."

எங்கள் பக்கத்தில் ஒருவரை வெளியே போகச் சொல்வது இப்படித்தான். "சிரமம் ஒன்னும் இல்லீங்க. காபி பொறவு சாப்புட்டுக்கலாம்" என்று உட்கார்ந்தேன்.

நிபுணர் முன்னதாகவே வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, மேசையில் மடிக்கணினி. "மேடம் எந்தக் கம்பெனி?" என்றார்.

"நூல் மில்லு. டெஸ்டிங்."

அவர் முதலாளியைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "இதுதான் சார் நான் சொன்னது. ஞாயித்துக்கெழம கூட்டம் போட்டு ஆளாளுக்குச் சர்வர் போட்டுக் குடுக்கறாங்க. பாஸ்வேர்டு வாங்கிக் குடுத்தீங்கன்னா நான் ஆரம்பிச்சிருவேன்."

முதலாளி அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "குடுத்துருங்க அம்மணி."

"குடுக்க மாட்டனுங்க."

சத்தம் போடவில்லை. கதவோரம் நின்றபடி சொன்னார். பதினோரு வருடத்தில் அவர் முதலாளியிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார். "இந்தப் பொட்டி சாட்சிங்க. சாட்சியத் தொடச்சுப்போட்டு அப்பறமேல்ட்டு எனக்கு எப்பிடிங்க நியாயங் கெடைக்கும்? மொதல்ல பாருங்க. பாத்துப்போட்டு நான் திருடின்னா, போலீசையே கூப்புடுங்க. சத்தமில்லாம எல்லாம் வேண்டாமுங்க."

வரைபட அறைக்குப் போனோம். அச்சுப் பிரிவு ஆட்களும் பின்னாலேயே வந்து நின்றார்கள். சர்வரின் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பவர் பொத்தானின் மேல் குங்குமம், அதில் ஒரு கட்டைவிரல் தடம். அந்தப் பெண் உட்கார்ந்து, நேரம் என்ன என்று சர்வரைக் கேட்கும் ஒற்றைச் சொல் கட்டளையை அடித்தார். நான் முதலாளியைத் திரையைப் படிக்கச் சொன்னேன்.

"ஜனவரி நாலு" என்று படித்தார். "ஒன்னு இருவது."

"இப்ப மணி என்னங்க?"

சுவரைப் பார்த்தார். "பத்து நாப்பது." ஜன்னலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். வெளியே நல்ல வெயில்.

இந்தக் கட்டளை ஆண்டையும் காட்டும். அந்த ஆண்டில் இந்தப் பெண் இங்கே வேலைக்கே சேர்ந்திருக்கவில்லை என்பதை அச்சுப் பிரிவிலிருந்து ஒருவர்தான் முதலில் சொன்னார். நிபுணர் விடவில்லை. தேதியை உள்ளே புகுந்தவனே மாற்றியிருக்கலாமே என்றார். நியாயமான கேள்வி, சனிக்கிழமையே கேட்டிருக்க வேண்டியது.

"அப்ப மறுக்கா ஒருக்கா அமத்திப் பாத்துரலாமுங்க" என்றேன்.

அந்தப் பெண் சர்வரை முறையாக அணைத்தார். கம்பியைப் பிடுங்கி ஐந்து நிமிடம் காத்திருந்தோம். மறுபடி கம்பியைச் சொருகி, பொத்தானை முதலாளியையே அமுத்தச் சொன்னேன். திரையில் ஒரு வரி வந்து நின்றது. கடிகாரம் சரியில்லை, தொடர எஃப் ஒன் அமுத்து என்று ஆங்கிலத்தில் கேட்டது. முதலாளியின் விரல் தானாக எஃப் ஒன்னுக்குப் போய் அமுத்தியது.

"வெள்ளிக்கெழமையும் இப்பிடிக் கேட்டுதுங்களா?"

"கேட்டுது" என்றார். "நான் ஒன்னும் பண்ணலீங்க. அமுத்தச் சொல்லுச்சு, அமுத்துனேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண் மறுபடி நேரத்தைக் கேட்டார். ஜனவரி ஒன்று. நள்ளிரவு கடந்து இரண்டு நிமிடம்.

மூடியைக் கழற்றி அந்தச் சிறு பேட்டரியை எடுத்தோம். எலக்ட்ரீசியனின் மீட்டரில் வைத்தால் முள் அசையவில்லை. புதியது வாங்க ஆள் அனுப்ப வேண்டுமே என்று ஒருவர் சொன்னார். முதலாளியின் கார் சாவியில் இருப்பது அதே அளவுதான் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. கையை நீட்டினார். முதலாளி கொஞ்சம் தயங்கி, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். அதைப் பிரித்துப் பேட்டரியை மாற்றி, நேரத்தைச் சரிசெய்து, இன்னொரு முறை கம்பியைப் பிடுங்கி மாட்டினோம். அன்றைய தேதி, அன்றைய மணி, அன்றைய ஆண்டு.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அவரைக் காப்பாற்ற உண்மையைக் கேட்டு வந்துவிட்டு, எனக்கானதை மட்டும் மறைத்து எடுத்துப்போக முடியாது.

"இதுல என்ர தப்பும் ஒன்னு இருக்குதுங்க" என்றேன். கடிகாரம் தவறினாலும் சர்வர் வெளியே கேட்டுத் திருத்தியிருக்கும் என்பதையும், நான் எழுதிய தாள் அந்த வழியை மூடச் சொன்னதையும் சொன்னேன். தாளை மேசையில் வைத்தேன். "அவங்க தாள்ல இருக்கறத அப்பிடியே செஞ்சாங்க. தப்பு எழுதுனவளோடது."

நிபுணர் இதற்காகவே காத்திருந்தது போல நிமிர்ந்தார். "நான் என்ன சார் சொன்னேன்? அமெச்சூர் வேலை."

"அமெச்சூர்தானுங்க" என்றேன். "அதனாலதான் தப்பு எங்கே இருக்குதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். நீங்க சனிக்கெழம சொன்னதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ரெண்டையும் இந்த அம்மணி வெச்சுக்கட்டும்."

அவர் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த இடத்தில் வேலை இருக்கிறது என்று மடிக்கணினியை மூடினார்.

முதலாளி என்னிடம் திரும்பி, ரொம்ப சந்தோஷமுங்க, காபி சாப்பிட்டுத்தான் போகணும் என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம், குரலைத் தாழ்த்தி, "சரி உட்டுப்போடுங்க அம்மணி. மனசுல வெச்சுக்காதீங்க. போயி வேலையப் பாருங்க."

இந்த ஊரில் முக்கால்வாசி அநியாயம் இந்த ஒரு சொல்லில்தான் அடக்கமாகிறது. உட்டுப்போடுங்க. அதில் மரியாதை இருக்கிறது, பாசமும் இருக்கிறது, நடந்தது மட்டும் இல்லாமல் போய்விடுகிறது. இதுவும் ஒரு ஃபார்மேட்தான் என்று எனக்குத் தோன்றியது.

அந்தப் பெண் அசையவில்லை.

"நீங்க கேட்டது எல்லாரு முன்னாடியுமுங்க. எவனுக்குன்னு கேட்டீங்க. அன்னிக்கு நின்னவங்க அத்தன பேரும் இங்கயேதான் நிக்கறாங்க. பதிலையும் அவங்க முன்னாடியே சொல்லிப்போடுங்க. நான் காதுல வாங்கிட்டுப் போயி வேலையப் பாக்கறனுங்க."

முதலாளி கார் சாவியை உள்ளங்கையில் திருப்பிக்கொண்டே நின்றார். பேட்டரி இல்லாமல் அது வெறும் பிளாஸ்டிக். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. எதற்கும் மணி பார்க்கிற நான் அதற்குப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"அம்மணி மேல தப்பு ஒன்னும் இல்லீங்கப்பா" என்றார் ஆட்களைப் பார்த்து. நிறுத்தினார். அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "நடுச்சாமத்துல எல்லாம் அவங்க வரல. காத்தால ஒம்பதே காலுக்கு மேல வந்தாங்க, எல்லாரையுமாட்டம். மெயின அமத்துனது நானு. நான் கேட்டது தப்பு."

அச்சுப் பிரிவுப் பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப வார வருசம் பொரி கடலையோட ஒரு பேட்டரியும் வெச்சுத்தான் சாமி கும்புடோணுமாட்ட இருக்குதுங்க."

நாலைந்து பேர் சிரித்தார்கள், முதலாளியும் பாதி சிரித்தார். அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான்காம் திருத்தத்தைத் திறந்து, மறுபடி சேமித்தார். பட்டியலின் உச்சிக்கு ஏறியது.

"தாராளமாக் கும்புடுங்க" என்றார் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். "அமத்தறதுக்கு முன்னால எங்கிட்டச் சொல்லிப்போட்டு அமத்துங்க."

மதுக்கரைச் சாலையில் பேருந்துக்கு நிற்கும்போது முதல் நாள் தாளை எடுத்துத் தேவையானவற்றின் பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். சர்வர் வெளியே நேரம் கேட்கும் வழியைத் திற. அதன் கீழே ஏன் சேர்த்தேன் என்று எழுதினேன், யாருடைய தப்பு என்றும் எழுதினேன். தேதியை ஆண்டோடு போட்டேன்.